தோல் நலம்: புண்ணில் தேன் தடவலாமா?

சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பைப் பற்றி எழுதியபோது, வீட்டில் இருக்கும் தேனைப் புண்ணில் ஊற்ற வேண்டாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியை ஏற்காதவர்களும், அதற்குக் காரணம் கேட்டவர்களும், தேனீ தரும் மற்றப் பொருள்களைப் பற்றி விசாரித்தவர்களுமாகப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் ஆச்சி வெட்டுக்காயம், சிராய்ப்பு, வெயில் கொப்புளம் எதுவானாலும் தேனைத் தடவித் துணியால் கட்டிவிடுவார். எங்களில் யாருக்கும் புண் சீழ் பிடித்ததாக நினைவில்லை. நீங்களோ தடவ வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் தேன் கிருமியைக் கொல்லும் என்பது வெறும் நம்பிக்கைதானா?
(கொடைக்கானல் மலையடிவாரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நம்பிக்கை மட்டும் அன்று. உங்கள் ஆச்சி செய்ததை உலகின் பல மூலைகளில் பலர் மிக நீண்ட காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள். கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்னும் எகிப்திய மருத்துவச் சுவடி, காயத்தில் கொழுப்பையும் தேனையும் சேர்த்து வைத்துக் கட்டச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை புண்ணுக்குத் தேனும் நெய்யும் இடச் சொல்கிறது. பழமையானது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆனால் தேனைப் பொறுத்தவரை, அது பாக்டீரியாவை எவ்வாறு கொல்கிறது என்பதை ஆய்வகங்கள் படிப்படியாக விளக்கியிருக்கின்றன. அந்த விளக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் நான் ஏன் வீட்டுத் தேனை வேண்டாம் என்கிறேன் என்பதும் புரியும்.

முதிர்ந்த தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு சர்க்கரையும் 17 முதல் 20 பங்கு தண்ணீரும் இருக்கின்றன. அந்தத் தண்ணீரையும் சர்க்கரை தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால், அதில் விழும் பாக்டீரியாவுக்குக் குடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மாறாக அதன் உடலில் உள்ள நீரும் வெளியே உறிஞ்சப்படுகிறது. உப்பிட்ட மாங்காயும் கருவாடும் கெடாமல் இருப்பது இதே வழியில்தான். இரண்டாவதாக, இனிப்பு மறைத்துவிடுவதால் நமக்குத் தெரியாவிட்டாலும், தேன் நல்ல புளிப்பான பொருள். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; தேனுக்கு அது பெரும்பாலும் 3.2 முதல் 4.5 வரை இருக்கும். நம் புண்களில் சீழ் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு அந்தப் புளிப்பில் வளர்வது கடினம்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பூந்தேனைக் கூட்டுக்குக் கொண்டுவரும் தேனீ, தன் தலையில் உள்ள சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியை அதில் கலக்கிறது. தேன் கெட்டியாக இருக்கும்வரை அந்த நொதி ஏறக்குறையச் செயலற்றே கிடக்கிறது. புண்ணிலிருந்து ஊறும் நீர் பட்டுத் தேன் இளகத் தொடங்கியதும், அது குளுக்கோஸை உடைத்து குளுக்கோனிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. மருந்துக் கடையில் பாட்டிலில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணில் ஊற்றியதும் நுரைத்து அடங்கிவிடும். அதன் செறிவு புதிதாக வளரும் திசுவையும் பாதிக்கும். தேன் அதையே மிகச் சிறிய அளவில், மணிக்கணக்காக வெளிவிடுகிறது. ஆனால் இந்த நொதி வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் அழிந்துவிடும். இறுகிப்போன தேனை அடுப்பில் வைத்து உருக்கியவர்களும், பாட்டிலைச் சன்னலோரம் வெயிலில் வைத்தவர்களும் தேனின் இனிப்பைக் காப்பாற்றியிருப்பார்கள், ஆனால் அதன் மருத்துவ குணத்தில் பெரும்பகுதியை இழந்திருப்பார்கள்.

நம் திசுக்களிலும் இரத்தத்திலும் கேட்டலேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்த பின்னரும் நியூசிலாந்தின் மனுகாப் புதர்ப் பூக்களிலிருந்து கிடைக்கும் தேன் பாக்டீரியாவைக் கொல்வதை, வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் 1980களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து வந்தார். அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால் என்னும் வேதிப்பொருள் என்பது 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹென்லேயின் குழுவினராலும் வைகாட்டோ ஆய்வாளர்களாலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. 2010இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வேறொரு மருத்துவத் தேனில், தேனீயின் உடலே தயாரிக்கும் டிஃபென்சின் என்னும் புரதமும் பாக்டீரியாவைக் கொல்வதைக் காட்டினார்கள். ஆக, எல்லாத் தேனும் ஒரே தேன் அன்று. எந்தப் பூ, எந்தத் தேனீ, எந்தப் பருவம், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து அதன் வீரியம் பல மடங்கு மாறும்.

பல வழிகளில் ஒரே நேரத்தில் தாக்குவதால், புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவில், ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத வகைகளும்கூட ஆய்வகத்தில் தேனுக்கு மடிகின்றன. மருத்துவ உலகம் தேனை மீண்டும் திரும்பிப் பார்த்ததற்கு இதுவே முதன்மையான காரணம். உங்கள் ஆச்சி கட்டியவை பெரும்பாலும் ஆரோக்கியமான பிள்ளைகளின் மேலோட்டமான காயங்களாக இருந்திருக்கும். அவை தேன் இல்லாமலும் ஆறியிருக்கும். தேன் அவற்றை ஈரமாகவும் மூடியும் வைத்து உதவியிருக்கும். எல்லாப் புண்ணும் அப்படிப்பட்டதன்று என்பதற்கு அடுத்த கடிதமே சான்று.

கேள்வி: என் தாயாருக்கு வயது 62. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலது கால் பெருவிரலுக்கு அடியில் மூன்று வாரமாக ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. வலி எதுவும் இல்லை என்கிறார். என் சித்தப்பா கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சுத்தமான மலைத்தேன் வாங்கி வந்து, இதைத் தடவினால் பத்து நாளில் ஆறிவிடும் என்கிறார். எப்படித் தடவ வேண்டும்?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தேனைத் தடவாதீர்கள். இந்த விடையைப் படித்து முடித்ததும் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை நோய் மருத்துவரானாலும் சரி, நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். வலி இல்லை என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. உள்ளங்கால் புண் மூன்று வாரமாகியும் வலிக்கவில்லை என்றால், நீண்ட காலச் சர்க்கரையால் கால் நரம்புகள் உணர்வை இழந்திருக்கின்றன என்பதே பொருள். அப்படிப்பட்ட காலில் மேலே சிறு குழியாகத் தெரியும் புண், உள்ளே எலும்புவரை போயிருக்கலாம்.

உங்கள் தாயாருக்கு இப்போது தேவைப்படுபவை நான்கு. காலுக்கு இரத்த ஓட்டம் போதுமான அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பில் தொற்று இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இறந்துபோன தோலையும் சதையையும் மருத்துவர் வெட்டி அகற்ற வேண்டும். அந்த இடத்தில் உடல் எடை விழாதபடி தனிச் செருப்போ கட்டோ போட வேண்டும். இந்த நான்கையும் செய்யாமல் உலகின் மிகச் சிறந்த தேனை ஊற்றினாலும் பயனில்லை. இன்னும் கொடுமையானது என்னவென்றால், தேன் தடவிய புண் ஈரமாக, சிவந்து, பார்வைக்கு நன்றாகவே தெரியும். குடும்பத்தார் நம்பிக்கையோடு காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் விரலையும் சில நேரங்களில் காலையும் இழந்தவர்களை நான் என் பணியில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சித்தப்பாவின் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் சொல்லும் 'சுத்தம்' என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. கலப்படம் இல்லாததும் சுத்தம்தான், கிருமி இல்லாததும் சுத்தம்தான். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு. பாறையிடுக்கில் தொங்கும் பெருந்தேனீயின் கூட்டை அறுத்துப் பிழிந்தெடுக்கும் தேனில் சர்க்கரைப் பாகு துளியும் கலந்திருக்காது. அந்த வகையில் அது உயர்ந்த பொருள். ஆனால் அதில் புழு, மகரந்தம், தூசி, நொதிக்கும் ஈஸ்ட், மண்ணிலிருந்து வந்த பாக்டீரியாக்களின் வித்துகள் எல்லாம் இருக்கலாம். கிளாஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியாக்களின் வித்துகள் தேனில் உயிரோடு உறங்கிக் கிடக்கும். காற்று புகாத ஆழமான புண்ணில் அத்தகைய வித்துகளை வைத்து மூடுவது ஆபத்து. மேலும் மலைத்தேனில் நீர்ப்பதம் மிகுதி. நீர் கூடக் கூட முதலில் சொன்ன உறிஞ்சும் ஆற்றல் குறையும்.

கடைத் தேனின் நிலை வேறு. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சந்தையில் இருந்த 13 பிராண்டுகளில் 10 தேறவில்லை. சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க மாதிரிகளை ஜெர்மனிக்கு அனுப்பி அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவு நுட்பமான கலப்படத்தை, தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பதும் எறும்பு வருகிறதா என்று பார்ப்பதும் காட்டிக்கொடுக்கா.

மருத்துவத் தேன் என்று நாங்கள் சொல்வது, பாக்டீரியாவைக் கொல்லும் திறன் அளந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, காமா கதிர்களால் தூய்மையாக்கப்பட்ட தேன். கொதிக்க வைத்தால் நொதி அழியும், ஆனால் வித்துகள் அழியா. காமா கதிர் நொதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வித்துகளை அழிக்கும். அமெரிக்காவில் இத்தகைய தேன் கட்டுக்கு 2007இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. குழாயில் அடைத்த களிம்பாகவும், தேன் ஊட்டிய பட்டையாகவும் இது கிடைக்கிறது.

அந்த மருத்துவத் தேனுக்கும் எல்லை உண்டு. தேன் கட்டுகளைப் பற்றிய 26 ஆய்வுகளை, 3,011 நோயாளிகளின் விவரங்களோடு, 2015இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்தது. மேலோட்டமான தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறின. அறுவை சிகிச்சைக்குப் பின் சீழ் பிடித்த புண்களிலும் நன்மை தெரிந்தது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கோ உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. சிரை இரத்தம் தேங்குவதால் காலில் வரும் புண்ணுக்கு, நியூசிலாந்தில் 368 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், தேன் வைத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தேன் வைத்தவர்களுக்கு எரிச்சலும் வலியும்தான் கூடுதல். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் 371 பேரிடம், குழாய் நுழையும் இடத்தின் தோலில் தேன் தடவிப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அதன் முடிவில் தேன் மேலானதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொற்று அதிகமாகவே வந்தது. உங்கள் தாயாரின் மருத்துவர், புண்ணைச் சுத்தம் செய்தபின், தேன் கட்டு போடலாம் என்று தீர்மானித்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தீர்மானம் அவருடையதாக இருக்கட்டும்.

கேள்வி: என் மூன்று வயது மகன் கையில் சூடான ரசம் கொட்டிவிட்டது. என் மாமியார் உடனே தேனைத் தடவினார். பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவை அப்பச் சொன்னார். புண் நல்லபடியாக ஆறிவிட்டது. இருந்தாலும் தேன் தடவியது சரியா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: குழந்தை குணமானது மகிழ்ச்சி. உங்கள் மாமியார் தேர்ந்தெடுத்த பொருளில் நியாயம் இருக்கிறது. தேர்ந்தெடுத்த நேரம்தான் தவறு. சூடு பட்டதும் செய்ய வேண்டியது ஒன்றே: குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் அந்த இடத்தைப் பிடிப்பது. தோலுக்குள் இறங்கிய வெப்பம், மேலே கொட்டியதைத் துடைத்த பின்னும் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். தேனோ, இட்லி மாவோ, பற்பசையோ, பேனா மையோ அப்பினால் அந்த வெப்பத்தை மூடி வைக்கிறோம். அதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் செய்கிறோம். குளிர்வித்த பிறகு, சுத்தமான துவைத்த துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையின் முகம், கை, பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலோ, கொப்புளம் அதன் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீக்காயத்தில் தேனைப் பற்றி நம் நாட்டில் நடந்த வேலை உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் அறுவை சிகிச்சை மருத்துவரான எம். சுப்ரமணியம் 104 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தேனும் மற்றொரு குழுவுக்குத் தீக்காயத்துக்கு வழக்கமாகப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் வைத்துக் கட்டினார். 1991இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொற்று இருந்த புண்களில் ஏழு நாளில் கிருமி நீங்கியவை தேன் குழுவில் 91 விழுக்காடு, களிம்புக் குழுவில் 7 விழுக்காடு. இது வியப்பூட்டும் வேறுபாடு. ஆனால் நான் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்வேன். தேனைப் பற்றிய தீக்காய ஆய்வுகளில் பல அந்த ஒரே மருத்துவருடையவை. வேறு இடங்களில் வேறு கைகள் அதே முடிவைக் காட்டினால்தான் நம்பிக்கை முழுமை பெறும். அடுத்து, சில்வர் சல்ஃபாடயசின் மேலோட்டமான தீக்காயம் ஆறுவதைச் சற்றே தாமதப்படுத்துகிறது என்ற கருத்து பின்னால் வலுப்பெற்றது. ஓட்டத்தில் தளர்ந்தவரோடு போட்டியிட்டு வென்றதில் வென்றவரின் வேகம் முழுவதும் தெரியாது. அப்படியிருந்தும், சிறிய, மேலோட்டமான, குளிர்வித்துச் சுத்தம் செய்யப்பட்ட தீக்காயத்துக்கு மருத்துவத் தேன் நல்ல கட்டு என்றே நான் கருதுகிறேன்.

தேன் கட்டு போட்ட முதல் இரண்டு நாளில் புண்ணிலிருந்து நீர் அதிகமாக ஊறிக் கட்டை நனைக்கும். தேன் இழுத்து வெளியேற்றும் நீர் அது. பயப்பட வேண்டாம், கட்டை அடிக்கடி மாற்றினால் போதும். நனைந்த கட்டை அப்படியே விட்டால் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்துப்போகும். வைத்ததும் சிறிது எரிவதும் உண்டு, அதற்குக் காரணம் நான் முன்னே சொன்ன புளிப்பு.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். முகப்பருவுக்காக இணையத்தில் புரோபோலிஸ் கலந்த கிரீம் வாங்கி இரண்டு வாரம் பூசினேன். பரு சற்று அடங்கியது. இப்போது வாயைச் சுற்றியும் கண்ணிமையிலும் சிவந்து, அரித்து, தோல் உரிகிறது. இயற்கைப் பொருள் என்பதால்தான் வாங்கினேன். கிருமி வெளியேறுவதால் இப்படி ஆகும், தொடர்ந்து பூசுங்கள் என்று விற்பவர் சொல்கிறார்.
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தொடர்ந்து பூசாதீர்கள். கிருமி தோல் வழியாக அரித்துக்கொண்டு வெளியேறுவது என்று எதுவும் இல்லை. நீங்கள் விவரிப்பது ஒவ்வாமையின் அறிகுறிகளோடு அப்படியே பொருந்துகிறது. கிரீமை நிறுத்தி, முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, தோல் மருத்துவரைப் பாருங்கள். கண்ணிமை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அன்றே போக வேண்டும். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பு கேட்டு வாங்கிப் பூசவே வேண்டாம். அது முகப்பருவை இன்னும் மோசமாக்கும்.

புரோபோலிஸ் என்பது தேனீப் பிசின். மரங்களின் மொட்டுகளிலும் பட்டைகளிலும் கசியும் பிசினைத் தேனீ சுரண்டி எடுத்து, மெழுகோடு குழைத்து, கூட்டின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்துகிறது. கூட்டுக்குள் புகுந்து இறந்துபோன எலி, பல்லி போன்றவற்றைத் தூக்கி வெளியே எறிய முடியாதபோது, அவை அழுகாதபடி இந்தப் பிசினால் பூசி மூடிவிடுவதும் உண்டு. அவ்வளவு கிருமியெதிர்ப்பு அதற்கு இருக்கிறது; குறிப்பாக ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களை அது நன்றாக அடக்கும். பரு சற்று அடங்கியதாக நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். ஆனால் ஐரோப்பியப் பிசின் பாப்லர் மரத்திலிருந்தும், பிரேசிலின் பச்சைப் பிசின் வேறொரு செடியிலிருந்தும் வருகின்றன. இரண்டின் வேதிக்கூறுகளும் வேறானவை. 'புரோபோலிஸ் உண்டு' என்று மட்டும் அச்சிட்ட பெட்டியிலிருந்து உள்ளே இருப்பது எந்தப் பிசின், எவ்வளவு என்பது தெரிவதில்லை.

கிருமியைக் கொல்லும் அதே பிசினில் உள்ள காஃபியிக் அமிலச் சேர்மங்களே தோலில் ஒவ்வாமையையும் கிளப்புகின்றன. ஐரோப்பாவில் தேனீ வளர்ப்போரின் கைகளில் வரும் தோல் அழற்சி நெடுங்காலமாக அறியப்பட்டது. 2019இல் அங்கே ஒவ்வாமைச் சோதனைக்கான அடிப்படைப் பட்டியலிலேயே புரோபோலிஸைச் சேர்த்துவிட்டார்கள். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்ட உடல் அதை மறப்பதில்லை. உதட்டுக் களிம்பு, பற்பசை, இருமல் மிட்டாய், தொண்டைக்கான ஸ்பிரே எதில் அது இருந்தாலும் மீண்டும் அரிக்கலாம். வாசனைத் திரவியங்களில் கலக்கும் பெரு பால்சம் என்னும் மரப்பிசினுக்கும் சேர்த்து ஒவ்வாமை வரலாம். முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வது உங்களுக்கு வாழ்நாள் முழுவதும் உதவும்.

முகப்பருவுக்குத் தேனாவது தடவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நியூசிலாந்தில் 136 பேரிடம் கானுகா என்னும் தேனைக் கிளிசரினோடு கலந்து பரு உள்ள முகத்தில் பூசிச் சோதித்தார்கள்; 2016இல் வெளியான முடிவில், சோப்பு மட்டும் போட்டவர்களைவிடத் தேன் பூசியவர்களுக்குக் கூடுதல் பயன் தெரியவில்லை. பருவில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு, ஆனால் எண்ணெய்ச் சுரப்பும் அடைத்த துளைகளும் முதலில் வருபவை. மேலே ஒட்டியிருக்கும் தேன் அந்தத் துளைக்குள் போவதில்லை.

கேள்வி: மார்த்தாண்டம் அருகே நாற்பது பெட்டிகளில் தேனீ வளர்க்கிறேன். மெழுகும் பிசினும் சேர்த்துப் புண்களுக்கான களிம்பு தயாரித்து விற்க ஆசை. உங்கள் கருத்து என்ன?
(கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் தொழில்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இரப்பர் தோட்டத்தின் தளிரிலைக் காம்புகளில் சுரக்கும் இனிப்பை நாட்டின் பெயர்பெற்ற தேனாக்கிய ஊர் உங்களுடையது. அதனால் மனம் நோகாதபடி, ஆனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

தேன்மெழுகு தோலுக்கு மிக நல்ல பொருள். எண்ணெயோடு உருக்கிச் சேர்த்தால் வெடித்த குதிகாலையும் வறண்ட உதட்டையும் மூடி ஈரம் காக்கும். சித்த மருத்துவக் களிம்புகளில் அது இடம்பெறுவதும் அந்தப் பதத்துக்காகவே. அது தானாகப் பாக்டீரியாவை வலுவாகக் கொல்லும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பிசினைப் பொறுத்தவரை, உங்கள் பெட்டிகளில் இருப்பவை நம் நாட்டு அடுக்குத் தேனீக்களாக இருந்தால், அவை பிசின் சேர்ப்பது மிக அரிது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இத்தாலியத் தேனீ சேர்க்கும். கொட்டாத கொசுத்தேனீயோ தன் கூட்டையே பிசினும் மெழுகும் குழைத்துத்தான் கட்டுகிறது. கொசுத்தேனீயின் பிசினும் தேனும் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களை எதிர்ப்பது காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் நீர்ப்பதம் மிகுந்த, எளிதில் நொதிக்கும் தேன் அது.

'புண் ஆற்றும்' என்று பெட்டியில் எழுதிய நொடியிலேயே உங்கள் களிம்பு மருந்தாகிவிடுகிறது; 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைத் தயாரித்து விற்கக் கூடாது. அழகுசாதனமாக விற்பதற்கும் உரிமம் வேண்டும், ஆனால் அந்தப் பாதை எளிது. வெடிப்புக்கான தேன்மெழுகுக் களிம்பிலிருந்து தொடங்குங்கள். பிசினைச் சேர்க்காதீர்கள், மேலே கோவை மாணவியின் கடிதம் அதற்குக் காரணம். திறந்த புண்ணுக்கு என்று எதையும் விற்க வேண்டாம்.

கேள்வி: காலில் சேற்றுப்புண், தொடையில் படர்தாமரை. தேன் தடவினால் போகுமா?
(தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: இரண்டும் பெரும்பாலும் பூஞ்சையால் வருபவை, இதுவரை பேசியதெல்லாம் பாக்டீரியாவைப் பற்றியது. விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து உலர வைப்பதும், மருத்துவர் தரும் பூஞ்சைக்கொல்லி மருந்தைச் சொன்ன நாள்வரை போடுவதுமே வழி. மூன்று மருந்து கலந்தது என்று கடையில் கொடுக்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே அடங்கும், படர்தாமரை இரு மடங்காகத் திரும்பும். தேனைவிட அந்தக் களிம்பைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்க வேண்டும்.

கேள்வி: தேனீயைக் கொட்டவிட்டுச் சிகிச்சை செய்தால் சொரியாசிஸும் ஆறாத புண்ணும் குணமாகும் என்று காணொளியில் பார்த்தேன். போகலாமா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போக வேண்டாம். தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறக்குறையப் பாதி மெலிட்டின் என்னும் சிறு புரதம். அது பாக்டீரியாவின் மேலுறையைத் துளைக்கும் என்பது உண்மை. நம் சிவப்பணுக்களின் மேலுறையையும் அதே போலத் துளைக்கும். ஸ்பெயினில் இரண்டு ஆண்டுகளாக இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு எந்தத் தொல்லையும் இல்லாதிருந்த 55 வயதுப் பெண்மணி ஒருவர், ஒரு நாள் கொட்டவிட்டதும் கடும் ஒவ்வாமையால் மயங்கி, பின்னர் இறந்துபோனதாக 2018இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. முன்பு ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த கொட்டுக்குப் பாதுகாப்பு ஆகாது.

கேள்வி: ஆக்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன், எம்.ஜி.ஓ. 263 என்று அச்சிட்ட மனுகாத் தேன் பாட்டில் ஒன்றை அனுப்பியிருக்கிறான். மருமகளுக்கு இங்கே சிசேரியன் நடந்திருக்கிறது. தையலில் தடவலாமா? உயர்ந்த தேன் என்பதால் பேரனுக்குச் சேனை வைக்கவும் அதையே பயன்படுத்தலாம் என்று என் மனைவி விரும்புகிறாள்.
(திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பேரன் பிறந்ததற்கு வாழ்த்துகள். இரண்டுமே வேண்டாம். அந்த எண், ஒரு கிலோ தேனில் எத்தனை மில்லிகிராம் மெத்தில்கிளையாக்சால் இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. தேனின் கிருமியெதிர்ப்பு வீரியத்தை ஒப்பிட அது உதவும். அது கிருமி நீக்கப்பட்டது என்பதற்கு அந்த எண் சான்று அன்று. சாப்பிடுவதற்காக அடைத்த பாட்டிலில் கட்டுத் தேனுக்குச் செய்யும் காமா கதிர்த் தூய்மை செய்யப்படுவதில்லை. மருமகளின் தையல் உலர்ந்தும் மூடியும் இருக்கிறது என்றால் அதற்கு எதுவும் தடவத் தேவையில்லை. சிவந்து, வீங்கி, நீர் கசிந்தால் அறுவை செய்த மருத்துவரே பார்க்க வேண்டும்.

சேனையைப் பற்றி உங்கள் மனைவியிடம் நான் கேட்டுக்கொண்டதாகவே சொல்லுங்கள். தேனில் உறங்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் வித்துகள் பெரியவர்களின் குடலில் ஒன்றும் செய்வதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். மலச்சிக்கல், பால் உறிஞ்ச முடியாமை, அழுகுரல் மெலிதல், கழுத்து துவளுதல் என்று தொடங்கி மூச்சுத் தசைவரை அது செயலிழக்கச் செய்யும். விலையுயர்ந்த தேன், காய்ச்சிய தேன், விரல் நுனியில் ஒரு துளி என்ற வேறுபாடெல்லாம் இதில் கிடையாது. பாட்டிலை நீங்களும் வீட்டிலுள்ள மற்றப் பெரியவர்களும் தோசைக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிடலாம். பேரனுக்குத் தாய்ப்பாலையே சேனையாக வைக்கச் சொல்லுங்கள்.